கண் கொடுக்கும் கிராமத்துப் பெண்கள்!

டாக்டர் நாச்சியார் உருவாக்கிய நர்சுப் படையின் கதை

களை எடுத்த கைகள். பருத்தி எடுத்த கைகள். கிணற்றில் தண்ணீர் இறைத்த கைகள்.

அந்தக் கைகள் இன்று கண் ஆபரேஷன் அறையில் வேலை செய்கின்றன. டாக்டர் வாய் திறந்து கேட்கும் முன்பே, அவருக்கு வேண்டிய கருவியை எடுத்துக் கொடுக்கின்றன.

பார்வை இழந்த லட்சக்கணக்கான ஏழைகள் மீண்டும் உலகத்தைப் பார்த்தார்கள். அதற்கு டாக்டர்கள் மட்டும் காரணம் அல்ல. அந்தக் கைகளும் காரணம்.

அந்தப் பெண்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. பட்டணத்தில் பிறந்தவர்களும் அல்ல. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள்.

அவர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தவரும் ஒரு கிராமத்துப் பெண்தான். அவருடைய பெயர் டாக்டர் ஜி. நாச்சியார். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

திரை விழுந்த கண்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது, வ. புதுப்பட்டி. "வ" என்றால் வத்திராயிருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர். சதுரகிரி மலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் பூமி.

இப்படிப்பட்ட ஊர்களில் வயதான ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்தால் என்ன ஆகும்?

முதலில் பார்வை மங்கும். மார்கழிப் பனி கண்ணுக்குள் இறங்கியதுபோல் இருக்கும். பிறகு வரப்பு தெரியாது. எதிரே வருவது யார் என்று தெரியாது. கடைசியில் பேரனின் முகமும் தெரியாமல் போகும்.

கூலி வேலை நின்றுவிடும். அதோடு முடியாது. கண் தெரியாதவரைக் கைபிடித்து அழைத்துப்போக வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராலும் வேலைக்குப் போக முடியாது. ஒருவர் கண் கெட்டால், இரண்டு பேர் கூலி போய்விடும்!

கண்புரை என்பது என்ன? நம் கண்ணுக்குள் கண்ணாடிபோல் தெளிவான ஒரு லென்ஸ் இருக்கிறது. வயது ஏற ஏற அது மங்கி, வெளுத்துவிடும். வெளிச்சம் உள்ளே போகாது. அதுதான் புரை. அதைக் கரைக்க மருந்து இல்லை. ஆபரேஷன் ஒன்றுதான் வழி. மங்கிய லென்சை எடுத்துவிட்டு, செயற்கை லென்சை வைத்தால் பார்வை திரும்பிவிடும்.

வழி இருந்தது. ஆனால் ஏழைக்கு அந்த வழி தெரியவில்லை. தெரிந்தாலும் கையில் பணம் இல்லை. "வயசாகிவிட்டது, இனி கண் இருந்து என்ன, இல்லாமல் இருந்து என்ன?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த நிலையை மாற்ற ஓர் அண்ணனும் தங்கையும் கிளம்பினார்கள்.

மணலில் எழுதிய பையன்

எட்டையபுரம் வட்டாரத்தில் வடமலாபுரம் என்ற கிராமம் இருக்கிறது. கரிசல் மண். மழை பெய்தால் விளையும், பொய்த்தால் காயும். அந்த ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர்தான் டாக்டர் ஜி. வெங்கடசாமி.

சிறு வயதில் அவருக்கு எழுதக் காகிதம் இல்லை, பென்சில் இல்லை. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார்.

உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவ காலத்தில் இறந்துபோனார்கள். பக்கத்தில் ஒரு டாக்டர் இல்லை. "நான் டாக்டராவேன். பிரசவத்தில் பெண்கள் சாகாமல் காப்பேன்" என்று அந்தப் பையன் உறுதி எடுத்துக்கொண்டான்.

அப்படியே டாக்டரும் ஆனார். ராணுவத்திலும் சேர்ந்தார். ஆனால் விதி குறுக்கே வந்தது. முப்பது வயதில் கடுமையான மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஒரு வருஷத்துக்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தபோது கைவிரல்கள் கோணிப்போயிருந்தன.

இனிப் பிரசவ வைத்தியம் பார்க்க முடியாது என்று தெரிந்தது. வெங்கடசாமி அழுது உட்காரவில்லை. கண் வைத்தியம் படித்தார். தம்முடைய கோணல் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்துகொண்டு, ஆபரேஷன் செய்யப் பழகினார். அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார்!

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து ஆளாக்குவதே அவருக்குக் குடும்பம் ஆயிற்று. அந்தத் தங்கைகளில் ஒருவர்தான் நாச்சியார். அண்ணன் வழியில் தங்கையும் டாக்டரானார். கண் நிபுணரும் ஆனார். அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் நிபுணராக இருந்தவரே.

பதினோரு படுக்கை

1976-ம் ஆண்டு. வெங்கடசாமிக்கு வயது 58. சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

மற்றவர்களாக இருந்தால் சாய்வு நாற்காலியைத் தேடியிருப்பார்கள். அவரோ மதுரையில் ஒரு வீட்டில் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதில் இருந்தவை 11 படுக்கைகள். ஸ்ரீ அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

பணம் போதவில்லை. குடும்பத்தார் நகைகளை அடகு வைத்தார்கள். தங்கை நாச்சியாரும் அவர் கணவரும் அண்ணனோடு சேர்ந்து உழைத்தார்கள்.

பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். முடியாதவர்களுக்கு இலவசம். இதுதான் ஏற்பாடு. பணம் கொடுப்பவர்களிடமிருந்து கிடைக்கும் மிச்சத்தில் ஏழைகளின் செலவு நடக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடக்குமா?

நடக்க வேண்டுமானால் ஒரே நாளில் பல ஆபரேஷன்கள் செய்ய வேண்டும். அதே சமயம் ஒன்றுகூடக் கெட்டுப்போகக்கூடாது. அவசரம் வேண்டும், பிழை கூடாது! இது எப்படி முடியும்?

டாக்டரின் நேரம்

ஒரு கண் டாக்டரின் நேரம் எதில் போகிறது என்று பார்த்தார்கள்.

நோயாளியின் பெயர், ஊர், வயது கேட்டு எழுத வேண்டும். பார்வையைச் சோதிக்க வேண்டும். கண்ணின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு அளவு எடுக்க வேண்டும். சொட்டு மருந்து விட வேண்டும். பயப்படுகிறவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் கண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு கட்டுப் போட வேண்டும்.

இவற்றை எல்லாம் டாக்டர்தான் செய்ய வேண்டுமா? இல்லை. நன்றாகப் பழகிய ஒருவர், டாக்டரைவிடப் பொறுமையாகவே செய்யலாம். அப்படியானால் டாக்டர் தமக்கு மட்டுமே தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

ஆனால் பழகிய ஆட்கள் எங்கே? படித்த நர்சுகள் நாட்டில் குறைவு. கிடைத்தவர்களும் பெரிய நகரங்களுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்கள். கண் வேலை மட்டும் தெரிந்த நர்சு என்று ஒருவர் கிடைப்பது அரிது.

கிடைக்காவிட்டால் என்ன? நாமே உருவாக்குவோம் என்று முடிவு செய்தார்கள். பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் பொறுப்பை நாச்சியார் ஏற்றார். பிற்காலத்தில் அரவிந்த் நிறுவனத்தின் மனிதவளத் துறை இயக்குநர் என்ற பதவி அவருக்கு வந்தது. பெயர் பெரிது. ஆனால் வேலை, ஒரு தாய் வீட்டில் செய்யும் வேலைதான்: பிள்ளைகளை ஆளாக்குவது.

மார்க்கு அல்ல, மனசு!

நாச்சியார் பெண்களைத் தேடியது பட்டணத்தில் அல்ல, கிராமத்தில்.

பதினேழு முதல் பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். மார்க்கு எவ்வளவு என்பது முக்கியம் அல்ல. உழைப்புக்கு அஞ்சாத பெண்ணா, பெரியவர்களிடம் அன்பாகப் பேசுவாளா, கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறதா, இவைதான் முக்கியம்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கருவியின் பெயரை மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுக்கலாம். அன்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அது வீட்டிலிருந்தே வர வேண்டும்.

பெண்ணோடு பெற்றோரும் வருவார்கள். அவர்கள் சம்மதம் வேண்டும். வயது வந்த பெண்ணை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் தைரியம் வரும்? தங்கும் இடம் எப்படி, சாப்பாடு எப்படி, பத்திரமாக இருப்பாளா என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் இருந்தது. தங்க விடுதி உண்டு. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. பயிலும் காலத்திலேயே மாதாமாதம் உதவித் தொகையும் உண்டு.

கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இது பெரிய வாசல். அந்த வாசல் வழியாக ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பெண்கள் உள்ளே வந்தார்கள்.

இரண்டு ஆண்டுப் பயிற்சி

பயிற்சி இரண்டு ஆண்டு. முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் ஒரே பாடம். உடம்பு எப்படி வேலை செய்கிறது? கண்ணுக்குள் என்ன இருக்கிறது? கையை எப்படிக் கழுவ வேண்டும்? நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும்?

பிறகு ஒவ்வொரு பெண்ணின் திறமையையும் பார்த்து வேலை பிரித்துக்கொடுப்பார்கள்.

கணக்கில் கெட்டியான பெண், கண்ணாடி அளவு பார்க்கப் போவாள். கை நடுங்காத பெண், ஆபரேஷன் அறைக்குப் போவாள். இனிமையாகப் பேசும் பெண், நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லப் போவாள். இன்னும் சிலர் வார்டைக் கவனிப்பார்கள்.

ஒரு வேலையை எடுத்தால் அதையே ஆயிரம் தடவை செய்வார்கள். தினமும் தோசை வார்க்கும் கைக்கு, எப்போது திருப்புவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

இவர்கள் எல்லா நோய்க்கும் பணிவிடை செய்யும் பொது நர்சுகள் அல்ல. பொது நர்சுப் படிப்பு வேறு. இவர்கள் கண் வேலைக்கென்றே பழகியவர்கள். ஆனால் கண் என்று வந்துவிட்டால், அந்த வேலையில் இவர்கள் கெட்டிக்காரர்கள். நோயாளிகள் இவர்களை "சிஸ்டர்" என்று வாய் நிறைய அழைக்கிறார்கள்.

அரவிந்த் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பெண்களே. அந்த ஆஸ்பத்திரியைத் தாங்கும் தூண்கள் இவர்கள் என்றால் மிகை இல்லை.

இரண்டு மேஜை, ஒரு டாக்டர்

ஆபரேஷன் அறைக்குள் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

இரண்டு மேஜைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு மேஜையில் டாக்டர் ஆபரேஷன் செய்துகொண்டிருப்பார். அவர் அருகில் நிற்கும் சிஸ்டர், கருவிகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பார். அதே நேரத்தில் அடுத்த மேஜையில் இன்னொரு சிஸ்டர், அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுவார்.

முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் எழுந்து நடக்க வேண்டியதில்லை. பூதக்கண்ணாடிக் கருவியை அந்தப் பக்கம் திருப்புவார். அடுத்த ஆபரேஷன் ஆரம்பம்!

இப்படிச் செய்வதால் அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 கண்புரை ஆபரேஷன்கள் செய்ய முடிகிறது. மற்ற இடங்களில் ஒரு டாக்டர் செய்வதைவிட இது பல மடங்கு.

"இத்தனை வேகமாகச் செய்தால் தப்பு நேராதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை அவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். பதிலை வாயால் சொல்லவில்லை. கணக்கு எழுதிப் பார்த்தார்கள்.

விளக்கும் கணக்கும்

கணக்கு எழுதும் இந்தப் பழக்கத்துக்கு உலகத்தில் வழிகாட்டியவரும் ஒரு நர்சுதான். பிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

1854-ம் ஆண்டு கிரிமியா யுத்தம் நடந்தது. துருக்கியில் ஸ்குடாரி என்ற இடத்தில் ஆங்கிலேயரின் ராணுவ ஆஸ்பத்திரி இருந்தது. 38 நர்சுகளுடன் நைட்டிங்கேல் அங்கே போனார். இரவில் கையில் விளக்கோடு நோயாளிகளைப் பார்த்து வந்ததால் "விளக்கேந்திய சீமாட்டி" என்று பெயர் பெற்றார். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. அவர் ஒரு கையில் விளக்கு வைத்திருந்தார் என்றால், மறு கையில் கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்!

குண்டு பட்டு இறந்த சிப்பாய்களைவிட நோய் தொற்றி இறந்தவர்களே அதிகம். எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கு அதைக் காட்டிக்கொடுத்தது. 1855-ல் சாக்கடையைச் சீர் செய்து, காற்று வர வழி செய்த பிறகு சாவு வேகமாகக் குறைந்தது. தாய்நாடு திரும்பிய நைட்டிங்கேல் இந்தக் கணக்குகளைப் படமாக வரைந்து அரசாங்கத்துக்குக் காட்டினார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்.

ஆஸ்பத்திரி என்பது முதலில் நோயாளிக்குத் தீங்கு செய்யாமல் இருக்க வேண்டும். இதுதான் அவர் சொன்ன முதல் விதி. தீங்கு நேர்ந்ததா இல்லையா என்பதை எப்படி அறிவது? எழுதி வைத்து எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

214-ம் 64-ம்

கண் ஆபரேஷனில் எல்லோரும் பயப்படும் தீங்கு ஒன்று இருக்கிறது. கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. பத்தாயிரத்தில் ஒரு சிலருக்குத்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் பார்வையே போய்விடலாம். பார்வை தேடி வந்தவருக்கு இருந்ததும் போனால் அதைவிடக் கொடுமை உண்டா?

அரவிந்தில் ஒவ்வொரு ஆபரேஷனின் விவரமும் பதிவாகிறது. எந்த டாக்டர், எந்த நாள், என்ன சிக்கல், எல்லாம் எழுதப்படுகிறது. சிக்கல் வந்தால் மூடி மறைப்பது இல்லை. உட்கார்ந்து பேசுகிறார்கள். யாரைத் திட்டலாம் என்று பார்ப்பது இல்லை. எங்கே தவறியது என்று பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கினால் வந்த பலனுக்கு ஓர் உதாரணம்.

ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தினால் சீழ் பிடிப்பது குறையுமா என்று பார்த்தார்கள். 2011-க்கும் 2015-க்கும் நடுவே அரவிந்த் ஆஸ்பத்திரிகளில் நடந்த 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கை எடுத்தார்கள்.

மருந்து செலுத்தாத சுமார் 3 லட்சம் கண்களில், 214 கண்களுக்குச் சீழ் பிடித்தது. மருந்து செலுத்திய சுமார் 3 லட்சத்து 14 ஆயிரம் கண்களில், 64 கண்களுக்குத்தான் சீழ் பிடித்தது!

அதாவது பத்தாயிரத்துக்கு 7 என்று இருந்தது, பத்தாயிரத்துக்கு 2 என்று ஆயிற்று. டாக்டர் ஹரிபிரியாவும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள். உலகத்துக் கண் டாக்டர்கள் அதைப் படித்து வியந்தார்கள்.

214 எங்கே? 64 எங்கே? நடுவில் இருப்பது வெறும் எண் அல்ல. அத்தனை பேருடைய கண்கள்.

இந்தக் கணக்குக்கு அடிப்படை என்ன? ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் தவறாமல் பதிவு செய்ததுதான். எழுதும் கை சோம்பினால் கணக்கு பொய்யாகிவிடும். கழுவும் கை சோம்பினால் கண்ணே போய்விடும். கிராமத்துப் பெண்களின் கைகள் சோம்பவில்லை.

இலவசம் என்றால் மட்டமா?

"ஓசி வைத்தியம் ஓட்டை வைத்தியம்" என்று நினைப்பவர்கள் உண்டு. அரவிந்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

பணம் கொடுத்தவருக்குக் கட்டிலும் தனி அறையும் கிடைக்கும். இலவச நோயாளிக்குப் பொது அறையும் பாயும் கிடைக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் ஒருவரே. இன்று அங்கே நிற்பவர் நாளை இங்கே நிற்பார். பழகிய சிஸ்டர்களும் அப்படியே. அங்கே ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் காசு கொடுக்காதவர்கள், அல்லது மிகக் குறைவாகக் கொடுப்பவர்கள்.

இதில் ஒரு பாடமும் கற்றுக்கொண்டார்கள். "இலவசம்" என்று அறிவித்தால் மட்டும் ஏழை வந்துவிடுவது இல்லை. பஸ்சுக்குக் காசு? வழியில் சாப்பாடு? துணைக்கு யார்?

அதனால் கிராமத்திலேயே முகாம் நடத்தினார்கள். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைப் பஸ்சில் ஏற்றி அழைத்து வந்தார்கள். சாப்பாடு போட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விட்டார்கள்.

பஸ் ஏறத் தயங்கும் பாட்டியிடம், "பயப்படாதீங்க பாட்டி, நான் கூடவே இருக்கிறேன்" என்று சொல்ல ஒரு பெண் வேண்டும். பாட்டியின் பேச்சு புரிந்த பெண் வேண்டும். அதற்குக் கிராமத்துப் பெண்ணைவிடப் பொருத்தமானவர் யார்?

சோடாபுட்டிக் கண்ணாடிக்கு விடை

அந்தக் காலத்தில் புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று மாட்டிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடு.

கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டில் இருந்தது. விலையோ 100 டாலருக்கு மேல். ஏழைக்கு எப்படிக் கட்டும்?

1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை அரவிந்த் குழுவினர் தொடங்கினார்கள். சுமார் 10 டாலர் விலையில் லென்ஸ் செய்தார்கள். பிறகு விலை அதற்கும் கீழே வந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது. அந்தத் தொழிற்சாலையிலும் லென்ஸ் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்களே.

கல்யாணம் ஆனால்?

எல்லாம் இனிப்பு என்று சொல்லிவிட முடியாது. வேலை கடினம். காலையில் சீக்கிரம் எழ வேண்டும். நாள் முழுவதும் நின்றே வேலை செய்ய வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது சிலருக்குச் சலிப்பாகவும் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சில ஆண்டுகள் வேலை செய்த பிறகு பல பெண்கள் கல்யாணமாகிப் போய்விடுகிறார்கள். பாடுபட்டுப் பழக்கிய கை போய்விட்டதே என்று ஆஸ்பத்திரி உட்கார்ந்துவிட முடியுமா? மறுபடியும் கிராமத்துக்குப் போக வேண்டும். மறுபடியும் புதுப் பெண்களை எடுக்க வேண்டும். மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதை ஒரு நஷ்டமாக நினைக்கலாம். வேறு விதமாகவும் பார்க்கலாம். போகும் பெண் வெறுங்கையோடு போகவில்லை. கையைக் கழுவும் முறையும், கணக்கு எழுதும் பழக்கமும், சொந்தச் சம்பாத்தியத்தின் தைரியமும் அவளோடு போகின்றன. அவள் புகுந்த ஊரில் ஒரு கண்ணுக்குக் கோளாறு வந்தால், "உடனே டாக்டரிடம் போங்கள்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலையில் தொடர்ந்து, புதிய பெண்களுக்குப் பாடம் சொல்லும் மூத்த சிஸ்டர்களும் இருக்கிறார்கள்.

உலகம் மதுரைக்கு வந்தது

11 படுக்கையில் தொடங்கிய ஆஸ்பத்திரி பெரிய மரமாயிற்று. 1985-ல் தேனியிலும், 1988-ல் திருநெல்வேலியிலும் கிளைகள் வந்தன. பிறகு கோயம்புத்தூர், புதுச்சேரி, சென்னை என்று வளர்ந்தது.

1993-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலை, அரவிந்த் ஆஸ்பத்திரியின் கதையைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக வைத்தது. மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு இந்த முறையைச் சொல்லித்தர 1992-லேயே மதுரையில் ஒரு பயிற்சி நிலையமும் தொடங்கப்பட்டிருந்தது. பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் அங்கே பாடம் கேட்டன.

2008-ல் கேட்ஸ் பரிசு கிடைத்தது. 2010-ல் ஹில்டன் மனிதாபிமானப் பரிசு கிடைத்தது. வெங்கடசாமி அவற்றைப் பார்க்க இல்லை. 2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி அவர் காலமாகிவிட்டார். அண்ணனுக்கு இந்திய அரசு 1973-லேயே பத்மஸ்ரீ விருது அளித்திருந்தது. தங்கை நாச்சியாருக்கு 2024-ல் அதே பத்மஸ்ரீ வந்தது.

அந்த விருதில் பெயர் பொறிக்கப்படாத பங்காளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள்தான் கிராமத்துச் சிஸ்டர்கள்.

கட்டு அவிழும் காலை

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் வந்து ஒவ்வொருவராகக் கண் கட்டை அவிழ்ப்பார். மெதுவாகத் துடைப்பார். "கண்ணைத் திறங்க" என்பார்.

திறந்த கண் முதலில் பார்ப்பது யாரை? மகனையும் அல்ல, மகளையும் அல்ல. எதிரே நிற்கும் அந்தக் கிராமத்துப் பெண்ணின் முகத்தை!

"எத்தனை விரல்?" என்று அவர் கேட்பார்.

பெரியவர் விரலை எண்ணிச் சொல்வார். சொல்லும்போதே கண்ணில் நீர் வரும். "அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது" என்று சிஸ்டர் அதட்டுவார். அந்த அதட்டலில் அன்பு இருக்கும்.

பிறகு அவர் பதிவேட்டை எடுத்து எழுதுவார். பெயர், ஊர், பார்வை எவ்வளவு. எதையும் விடமாட்டார்.

வ. புதுப்பட்டி போன்ற ஊர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், கண் மங்கித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். இன்னொருவர், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, "இனி என்ன செய்வது?" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண். ஒருவருக்குக் கண் வேண்டும். இன்னொருவருக்கு வழி வேண்டும்.

இரண்டு பேரையும் ஒரே அறையில் சந்திக்க வைத்தார், கரிசல் காட்டில் பிறந்த நாச்சியார். ஒருவருக்குப் பார்வை கிடைத்தது. இன்னொருவருக்கு வாழ்க்கை கிடைத்தது.